கார்களுக்குள் நடக்கும் உரையாடல்: அதைக் காப்பவர் யார்?

மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களைக் கண்டிராத குடும்பங்கள் நம் பகுதியில் மிகச் சிலவே இருக்கும். கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறையைச் செதுக்கி உருவாக்கியவை அவை. ஆணி இல்லை, அச்சாணி இல்லை, கடிவாளக் கயிறு இல்லை. ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குச் செய்தி சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவேதான் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எவரும் அவற்றைக் களவாடிச் செல்லவில்லை!

அந்த ரதங்களைக் காண்பதற்காக விடுமுறை நாள்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்து வரும் கார்களோ இதற்கு முற்றிலும் மாறானவை. அவை ஓடுவதே பேச்சினால்தான். நாம் கதவைத் திறந்து அமர்ந்து, இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டு புறப்படுவதற்குள், காருக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டிகள் தமக்குள்ளே ஆயிரக்கணக்கான செய்திகளைப் பரிமாறிக்கொண்டு விடுகின்றன. அச்செய்திகள் உண்மையானவையாக இருக்கும் வரை நம் பயணம் பாதுகாப்பானது. அவற்றினூடே ஒரு பொய்ச் செய்தி புகுந்துவிட்டால்? வண்டி திருடு போகலாம்; அதனினும் கொடிதாக, ஓடும் வண்டியின் கட்டுப்பாடே கை நழுவிப் போகலாம். மக்களையும் மருமக்களையும் பேரக் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு செல்லும் நாம் இதனை அறிந்திருப்பது நன்று.

கம்பி போய்ச் செய்தி வந்தது

நம் தந்தையர் ஓட்டிய அம்பாசடர் காரை நினைவுகூர்வோம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால், மிதியோடு இணைந்த இரும்புத் தண்டு எஞ்சினின் கார்புரேட்டரை நேரே அசைத்தது. விளக்குக்கு ஒரு பொத்தான், பொத்தானிலிருந்து விளக்குக்கு ஒரு கம்பி, அவ்வளவே. எங்கே பழுது என்பதைக் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் கண்டுபிடித்துவிடலாம்.

இன்றைய காரில் ஆக்ஸிலேட்டர் மிதிக்கும் எஞ்சினுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எவ்வளவு மிதித்தோம் என்பதை ஓர் உணர்கருவி அளந்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணிப்பொறிக்குச் சொல்கிறது. பெட்ரோல் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று முடிவு செய்வது அந்தக் கணிப்பொறியே. பிரேக்கில் இன்றும் எண்ணெய்க் குழாய் உண்டு. எனினும் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவி மின்னணுக் கருவியே. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். கட்டாயம், அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பையும் கட்டாயம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் எஞ்சினுக்குள் மேலும் பல உணர்கருவிகளைக் கொண்டுவந்து சேர்த்தன. இவை யாவும் உயிர்களையும் காற்றையும் காக்க வந்த நல்ல மாற்றங்களே.

இவ்வாறு ஒவ்வொரு பணிக்கும் ஒரு பெட்டி அமைந்தது. எஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று, கதவுகளுக்கு ஒன்று, சாவியை அடையாளம் காண ஒன்று. மெக்கானிக்குகள் இவற்றை 'இ.சி.யு.' என்பர். சிறிய கார்களிலும் இவை பத்து, இருபது என்று இருக்கின்றன. விலையுயர்ந்த கார்களில் நூற்றை எட்டுகின்றன. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மற்றெல்லாப் பெட்டிகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பதாயின், கார் முழுவதும் கம்பிக் கட்டாகவே ஆகிவிடும்.

இதற்கு வழி கண்டது ஜெர்மானிய நிறுவனமான போஷ். 1983-இல் தொடங்கிய முயற்சியின் பயனாக, 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த மோட்டார்ப் பொறியாளர் மாநாட்டில் 'கேன்' எனும் செய்தித் தொடர்பு முறையை அது வெளியிட்டது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே கம்பிகள். எல்லாப் பெட்டிகளும் அவற்றிலேயே இணைக்கப்படும். 1993-இல் இது உலகத் தரநிலையாக ஏற்கப்பட்டது. இன்று நம் வீதிகளில் ஓடும் ஏறத்தாழ எல்லாக் கார்களிலும் இந்த இரட்டைக் கம்பி உண்டு.

தண்டோரா போடும் இரட்டைக் கம்பி

இந்த முறை எப்படி இயங்குகிறது என்பதை நம் ஊர் வழக்கத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். முற்காலத்தில் கிராமத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டுமானால் தண்டோரா போடுவர். பறையொலி கேட்டதும் தெருவிலுள்ள அனைவரும் செவிசாய்ப்பர். தமக்குரிய செய்தியாயின் எடுத்துக்கொள்வர். இல்லையேல் தம் வேலையைத் தொடர்வர்.

கேன் முறையும் இத்தகையதே. அதில் ஒரு செய்தி இன்னாருக்கு என்று முகவரி எழுதப்படுவதில்லை. இன்னாரிடமிருந்து என்று கையொப்பமும் இடப்படுவதில்லை. செய்தியின் முகப்பில் ஓர் எண் மட்டுமே இருக்கும். அது இச்செய்தி எதைப் பற்றியது என்பதைக் காட்டும். பழைய முறையில் இத்தகைய எண்கள் 2,048. எண்ணைத் தொடர்ந்து அதிகபட்சம் எட்டு பைட் அளவுக்குத் தகவல் செல்லலாம். இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேச முற்பட்டால், எந்தச் செய்தியின் எண் சிறியதோ அதற்கு முதலிடம். மற்றது தானே ஒதுங்கிக் காத்திருக்கும். ஆகவே அவசரச் செய்திகளுக்குச் சிறிய எண்களை அளிப்பர். நொடிக்கு ஐந்து லட்சம் பிட் வேகத்தில் இயங்கும் கம்பியில், ஒரு நொடிக்குள் ஏறத்தாழ நான்காயிரம் செய்திகள் செல்ல முடியும்.

சிக்கனமும் வேகமும் உறுதியும் ஒருங்கே வாய்ந்த ஏற்பாடு இது. மின்சார இரைச்சலால் ஒரு செய்தி சிதைந்தால் அதனைக் கண்டுபிடித்து மீண்டும் அனுப்பச் செய்யும் சரிபார்ப்பும் இதில் உண்டு. ஆனால் அந்தச் சரிபார்ப்பு தற்செயலான பிழையையே பிடிக்கும். வேண்டுமென்றே செய்யப்படும் வஞ்சகத்தைப் பிடிக்காது. பிழையின்றி எழுதப்பட்ட பொய் அதன் கண்ணுக்கு உண்மையாகவே தோன்றும். தண்டோரா போடுபவன் ஊர்த் தலைவர் அனுப்பிய ஆள்தானா என்று எவரும் கேட்பதில்லை அன்றோ! பறை கையில் இருந்தால் போதும்.

இதை வடிவமைத்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 1986-இல் கார் என்பது தனித்து நின்ற ஒரு பொறி. அதன் கம்பியைத் தொட வேண்டுமானால் காரைத் திறந்து உள்ளே நுழைய வேண்டும். பின்னர் அதே காரில் புளூடூத் வந்தது, கைப்பேசி சிம் அட்டை வந்தது, இணையத் தொடர்பும் வந்தது. உறவினர் மட்டுமே வாழ்ந்த ஒரு வீட்டின் சுவரில் நெடுஞ்சாலையை நோக்கிப் பல வாயில்களைத் திறந்துவிட்டு, உள்ளறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட மறந்ததைப் போன்ற நிலை ஏற்பட்டது.

நம்பிக்கை குலைந்த ஆண்டுகள்

இந்த ஆபத்தை முதன்முதலில் முறைப்படி மெய்ப்பித்தவர்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள். 2010-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், காருக்குள் உள்ள கம்பியில் பொய்ச் செய்தி செலுத்தி, பிரேக்கைச் செயலிழக்கச் செய்யவும் எஞ்சினை நிறுத்தவும் முடியும் என்று காட்டினர். பயன்பாட்டில் இல்லாத ஒரு விமான ஓடுபாதையில் ஓடும் காரிலேயே சோதித்தும் பார்த்தனர். காரைத் தொடாமலேயே, புளூடூத் வழியாகவும் கைப்பேசித் தொடர்பு வழியாகவும் உள்ளே நுழைய முடியும் என்பதை அடுத்த ஆண்டில் நிறுவினர்.

ஆயினும் உலகம் விழித்துக்கொண்டது 2015 ஜூலையில்தான். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் இரு ஆய்வாளர்கள், செயின்ட் லூயிஸ் நகரின் நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருந்த ஜீப் செரோக்கி வண்டியைப் பல மைல் தொலைவில் வீட்டில் அமர்ந்தபடியே ஆட்டுவித்தனர். வண்டியை ஓட்டியவர் இதற்கு இசைந்திருந்த ஒரு பத்திரிகையாளர். முதலில் குளிர்காற்று வீசியது. பின்பு வானொலி உரக்க ஒலித்தது. கண்ணாடித் துடைப்பான்கள் தாமாகவே ஆடின. இறுதியில், ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வண்டி நகர மறுத்தது. பின்னால் பெரிய லாரிகள் வந்துகொண்டிருந்தன. இச்செய்தி வெளியான சில நாள்களுக்குள் அந்நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திருத்தத்திற்காக அழைக்க நேர்ந்தது. பாட்டும் படமும் காட்டும் திரைப்பெட்டி இணையத்தோடு பேசியது. அதே பெட்டி உள்ளேயிருந்த கேன் கம்பியோடும் இணைந்திருந்தது. அந்த ஓர் இணைப்பே வழியாயிற்று.

மூன்றாம் நிகழ்ச்சி திருடர்களின் கைவரிசை. 2022-இல் இலண்டனில் இயன் டேபர் என்பவரின் டொயோட்டா வண்டியின் முன்பக்கத் தடுப்பும் முகப்பு விளக்கு இணைப்பும் முதலில் பெயர்க்கப்பட்டுக் கிடந்தன. வெறும் விஷமம் என்றே எவரும் எண்ணியிருப்பர். சில நாள்களில் வண்டியே காணாமற்போயிற்று. டேபர் வாகன மின்னணுப் பாதுகாப்பு ஆய்வாளர். ஆகவே நடந்ததை ஆராய்ந்தார். கென் டிண்டெல் என்னும் கேன் நிபுணரும் துணைநின்றார். 2023 ஏப்ரலில் விவரம் வெளியாயிற்று. முகப்பு விளக்குக்குச் செல்லும் கம்பியும் கேன் கம்பியே. அதில் ஒரு கருவியை மாட்டி, "சரியான சாவி வந்துவிட்டது" என்ற பொய்ச் செய்தியை அனுப்பினால் போதும். கதவு திறக்கும், எஞ்சினும் இயங்கும். அக்கருவி சாதாரணப் பாட்டுப் பெட்டியின் உருவில் மறைத்துச் செய்யப்பட்டிருந்தது!

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள் என்று நாம் ஒதுக்கிவிட வேண்டாம். தில்லியில் பிடிபட்ட கார்த் திருடர்களிடமிருந்து, புதுச் சாவியைக் காருக்குப் பழக்கும் மின்னணுக் கருவிகளைக் காவல்துறையினர் கைப்பற்றிய செய்திகள் நாளிதழ்களில் பலமுறை வெளிவந்துள்ளன.

முத்திரையிட்ட செய்தி

பொய்ச் செய்தியைத் தடுப்பது எவ்வாறு? தண்டோராக்காரனை நம்பாமல் முத்திரையிட்ட ஓலையை நம்பிய நம் முன்னோர் வழியே இங்கும் பின்பற்றப்படுகிறது. வாகன நிறுவனங்கள் பல கூடி 2003-இல் ஏற்படுத்திய ஆட்டோசார் எனும் கூட்டமைப்பு, காருக்குள் செல்லும் செய்திகளுக்கு முத்திரையிடும் முறையை வகுத்துள்ளது.

பிரேக் பெட்டியும் எஞ்சின் பெட்டியும் ஓர் இரகசியச் சாவியைத் தமக்குள் வைத்திருக்கின்றன. இது இரும்புச் சாவியன்று. 128 பிட் நீளமுள்ள ஓர் எண். பிரேக் பெட்டி ஒரு செய்தி அனுப்பும்போது, செய்தியையும் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு முத்திரை எண்ணை உருவாக்கிச் செய்தியின் வாலில் இணைக்கிறது. பெற்றுக்கொள்ளும் எஞ்சின் பெட்டி, தன்னிடமுள்ள சாவியைக் கொண்டு அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை ஒத்திருந்தால் செய்தி உண்மை. இல்லையேல் அதனைக் குப்பையில் எறிந்துவிடுகிறது. செய்தியில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. சாவி தெரியாதவனால் முத்திரையைப் போலியாகச் செய்யவும் இயலாது.

இத்துடன் முடிந்ததா? இல்லை. திருடன் தானாக முத்திரை செய்ய முடியாவிடினும், நேற்றுச் சென்ற உண்மையான செய்தி ஒன்றை அப்படியே பதிவுசெய்து இன்று மீண்டும் அனுப்பலாமன்றோ? இதற்காகவே ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை எண்ணும் சேர்க்கப்படுகிறது. பணவிடைத் தாளில் உள்ள எண்ணைப் போன்றது இது. ஒருமுறை பயன்பட்ட எண் மறுமுறை செல்லாது.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பழைய கேன் முறையில் ஒரு செய்திக்கு எட்டு பைட் இடமே இருப்பதைக் கண்டோம். முழு முத்திரையோ பதினாறு பைட் நீளம். எனவே அதைச் சுருக்கி, மூன்று பைட் முத்திரைக்கும் ஒரு பைட் வரிசை எண்ணுக்கும் ஒதுக்கி, மீதி நான்கு பைட்டில் செய்தியைச் சொல்வது ஒரு வழக்கம். மூன்று பைட் போதுமா என்று ஐயுற வேண்டாம். அந்த முத்திரையைக் குருட்டுத்தனமாக ஊகித்துச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தில் ஒன்று. 2012-இல் போஷ் வெளியிட்ட புதிய கேன் முறையில் ஒரு செய்திக்கு 64 பைட் இடம் உண்டு. அங்கே இந்த நெருக்கடி இல்லை.

முத்திரையோடு வேறு இரண்டு காவல்களும் தேவை. ஒன்று வாயிற்காவல். பாட்டுப் பெட்டி, கைப்பேசி இணைப்பு முதலியவற்றை ஒரு கம்பியிலும், பிரேக், ஸ்டீயரிங் முதலியவற்றை வேறு கம்பியிலும் பிரித்து வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு காவற்பெட்டியை நிறுத்துவது. எந்தச் செய்தி எந்தப் பக்கம் செல்லலாம் என்பதை அது முடிவு செய்யும். மற்றொன்று, இரகசியச் சாவியை வெளியே எவரும் படித்துவிட முடியாதபடி சில்லுக்குள்ளேயே அமைந்த பெட்டகம். சாவி களவு போனால் முத்திரையால் பயனில்லை என்பதை விளக்கவும் வேண்டுமோ!

நம் மண்ணில் இதன் பங்கு

செங்கற்பட்டு மாவட்டத்திற்கும் இந்தச் செய்திக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 1999 முதல் 2022 வரை கார்களை உருவாக்கியது. அதன் கதவுகள் மூடப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் கலங்கின என்பதை நாம் அறிவோம். மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி வளாகத்தில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் ஒன்றிணைக்கப்படுகின்றன. அங்கேயே 2012-இல் மஹிந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் அமைந்தது. அண்டை மாவட்டத்து ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும், 2010-இல் தொடங்கிய ரெனோ–நிஸ்ஸான் ஆலையும் உள்ளன. பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி வரை நீளும் கணிப்பொறி நிறுவனங்கள் சிலவற்றில் கார்ப் பெட்டிகளுக்கான நிரல்களும் எழுதப்படுகின்றன. நம் பிள்ளைகள் பலர் இங்கெல்லாம் பணிபுரிகின்றனர்.

இவ்வாலைகளில் உருவாகும் கார்கள் நம் நாட்டோடு நின்றுவிடாமல் கப்பலேறிக் கடல் கடந்தும் செல்கின்றன. அங்கே சட்டம் கடுமையாகியுள்ளது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதிக் குழு 2020 ஜூனில் மின்னணுப் பாதுகாப்புக்கென 155-ஆம் எண் விதியை ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய மாதிரிகளுக்கும், 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமாயிற்று. இவ்விதிக்கு ஏற்பப் பழைய மின்னணு அமைப்பை மாற்ற இயலாததால், போர்ஷே நிறுவனம் தன் புகழ்பெற்ற மக்கான் காரின் பெட்ரோல் மாதிரியை 2024-இல் அங்கே விலக்கிக்கொண்டது. நம் நாட்டிலும் இதே நோக்குடன் ஏ.ஐ.எஸ். 189 எனும் தரநிலை வகுக்கப்பட்டுள்ளது. இனி வரும் ஆண்டுகளில் காரைச் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது; அதன் பேச்சைக் காக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கணிதமும் மின்னணுவியலும் கற்கும் நம் இளைஞர்கள் இதனைக் கருத்திற்கொள்வது நலம்.

பூட்டின் மறுபக்கம்

பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் எல்லாம் நன்மையே என்று எண்ணிவிடலாகாது. பூட்டு திருடனைத் தடுக்கிறது. சில வேளைகளில் நல்லவனையும் தடுக்கிறது.

ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும், கூடுவாஞ்சேரியிலும் சிங்கப்பெருமாள்கோவிலிலும் செங்கற்பட்டிலும் திருக்கழுக்குன்றம் செல்லும் வழியிலும், சிறு மோட்டார்ப் பட்டறைகள் எத்தனை! ஒரு மெக்கானிக், இரண்டு உதவிப் பையன்கள், கடனில் வாங்கிய ஒரு ஸ்கேனர். நடுத்தரக் குடும்பங்களின் கார்கள் உத்தரவாதக் காலம் முடிந்ததும் இவர்களிடம்தான் வந்து சேருகின்றன. முத்திரை முறை வந்த கார்களில் இவர்களுக்கு ஒரு புதிய சுவர் எழுகிறது. பழுதான பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினால் மட்டும் வண்டி ஏற்பதில்லை. புதிய பெட்டிக்கு இரகசியச் சாவியைக் கற்பிக்க வேண்டும். அதற்கு நிறுவனத்தின் கணிப்பொறியோடு தொடர்புகொள்ளும் அனுமதி வேண்டும். அனுமதி உள்ள இடமோ பெரிய நிறுவனத்தின் சர்வீஸ் நிலையம் மட்டுமே என்றால், பட்டறைக்காரரின் பிழைப்பு என்னாவது? ஊருக்கு ஊர் சர்வீஸ் நிலையம் இல்லாத நிலையில், கார் வைத்திருப்பவர்தான் என் செய்வார்?

இக்குறை புதியதன்று. சுதந்திரமான பட்டறைகளுக்கு உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் கிடைக்கவொட்டாமல் செய்தன என்று கூறி, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ. 2,544.65 கோடி அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. எனினும் அந்த ஆணை எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அதில் அடங்கிய நான்கு துறைகளுள் மோட்டார் வாகனமும் ஒன்று.

"விவரங்களை வெளியிட்டால் திருடர்களுக்கும் தெரிந்துவிடுமே" என்று நிறுவனங்கள் கூறுவதுண்டு. இவ்வாதத்தை நாம் நிதானமாக எடைபோட வேண்டும். முத்திரையிடும் கணக்கு முறை எவரும் படிக்கக்கூடியது. உலகம் அறிய நடந்த போட்டியில் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2001-இல் அமெரிக்க அரசின் தரநிலையாக அச்சேறியது. ஆயினும் அது உடையவில்லை. ஏனெனில் அதன் வலிமை முறையின் மறைவில் இல்லை. சாவியின் மறைவில்தான் இருக்கிறது. ஆகவே பழுதுபார்க்கும் முறைகளையும் வயரிங் படங்களையும் எல்லா மெக்கானிக்குகளுக்கும் கொடுப்பதால் பாதுகாப்பு குறைந்துவிடாது. சாவி கற்பிக்கும் வேலைக்கு மட்டும் தக்க ஆளை அடையாளங்கண்டு, யார், எப்போது, எந்த வண்டிக்குச் செய்தார் என்று பதிவுசெய்துகொண்டு அனுமதித்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 'செர்மி' எனும் ஏற்பாடு இவ்வழியிலேயே அமைந்துள்ளது. நன்னடத்தை சரிபார்க்கப்பட்டுச் சான்று பெற்ற சுதந்திர மெக்கானிக்கும் அங்கே பாதுகாப்புத் தொடர்பான விவரங்களைப் பெறலாம். நம் நாட்டிலும் இத்தகைய நியாயமான வழி பிறக்க வேண்டும். திருடனைத் தடுக்கும் பெயரால் தொழிலாளியின் கையைக் கட்டுவது நீதியாகாது.

இல்லத்தார் கவனத்திற்கு

இவற்றையெல்லாம் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. தொலைவிலிருந்து கார்களை ஆட்டுவித்த நிகழ்ச்சிகளாக நாம் மேலே கண்டவை தேர்ந்த ஆய்வாளர்கள் நெடுநாள் உழைத்துச் செய்து காட்டியவை. அன்றாட வாழ்வில் விபத்துக்குக் காரணமாவது பெரும்பாலும் அதிவேகமும் தூக்கமும் குடியும் கைப்பேசியுமே. எனினும் சில எளிய முன்னெச்சரிக்கைகள் நம் கையில் உள்ளன.

முதலாவது, கூடுதல் விளக்கு, ஹாரன், காமிரா முதலியவற்றைப் பொருத்தும்போது அகப்பட்ட கம்பியை வெட்டி ஒட்ட இடங்கொடுக்க வேண்டாம். அந்த முறுக்குக் கம்பியில் கை வைத்தால் வண்டியின் பேச்சே தடுமாறும். உரிய கப்ளரும் ரிலேயும் வைத்து, தனி வயரிங்கில் பொருத்தச் சொல்லுங்கள். கட்டணம் சிறிது கூடினாலும் பாதகமில்லை.

இரண்டாவது, ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டும் இடம் அது. நேரே உள்ளறைக்குச் செல்லும் கதவு எனலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத கருவிகளை அதில் நிரந்தரமாக மாட்டி வைக்காதீர்கள். 2015 ஆகஸ்டில் சான் டியாகோ ஆய்வாளர்கள், அவ்வாறு மாட்டப்பட்ட சிம் அட்டையுள்ள ஒரு கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே ஒரு கொர்வெட் காரின் பிரேக்கைக் கட்டுப்படுத்திக் காட்டினர்.

மூன்றாவது, பழைய கார் வாங்கும்போது எல்லாச் சாவிகளையும் கேட்டுப் பெறுங்கள். காணாமற்போன சாவி ஏதேனும் இருப்பின் அதன் பதிவை நீக்கச் செய்யுங்கள். முன்னைய உரிமையாளரின் கைப்பேசிச் செயலி அந்தக் காரோடு இன்னும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். விற்கும்போதோ, உங்கள் முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் காரின் திரைப்பெட்டியிலிருந்து அழித்துவிட்டுக் கொடுங்கள்.

நான்காவது, நிறுவனத்திடமிருந்து திருத்த அழைப்பு வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கச் செய்யும் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அரசுக்கு அளித்துள்ளது. மென்பொருள் திருத்தமும் பிரேக் கட்டையைப் போலவே உயிர் காக்கும் பொருள்தான்.

ஐந்தாவது, முன்பக்கத் தடுப்போ முகப்பு விளக்கோ காரணமின்றிப் பெயர்ந்து கிடந்தால், சிறுவர் விளையாட்டு என்று விட்டுவிடாமல் உடனே வண்டியை வேறிடத்தில் நிறுத்துங்கள். காவல் நிலையத்திலும் சொல்லி வையுங்கள். ஸ்டீயரிங்கில் மாட்டும் பழைய காலத்து இரும்புப் பூட்டு இன்றும் நல்ல துணையே. பொய்ச் செய்தி எதற்கும் இரும்பு செவிசாய்ப்பதில்லை!

ஆறாவது, புதிய கார் வாங்கும்போது நிறத்தையும் திரையின் அளவையும் கேட்பதோடு நில்லாமல், இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தக் காருக்கு எத்தனை ஆண்டுகள் வரை மென்பொருள் திருத்தம் அளிப்பீர்கள்? உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஒரு பெட்டி பழுதானால் எங்கள் ஊர் மெக்கானிக்கால் மாற்ற முடியுமா? கடை முகப்பில் நிற்கும் இளைஞருக்கு விடை தெரியாமல் இருக்கலாம். ஆனால் நூறு குடும்பங்கள் அதே கேள்வியைக் கேட்டால், அது மேலிடத்தின் செவியை எட்டாமல் போகாது.

நாம் ஏறி அமரும் வண்டியின் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. அதில் பொய் புகாமல் காப்பது பொறியாளரின் கடமை. அக்காவல் போதுமானதா என்று சோதிப்பது அரசின் கடமை. அந்தக் காவலின் சாவி ஒரு சிலர் கையில் மட்டும் சிக்கி ஏழைத் தொழிலாளியைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்வது சமுதாயத்தின் கடமை. இம்மூன்றும் நிறைவேறும் வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.